குழந்தைக்கு எடை பார்த்தோம், தாயைக் கேட்டோமா? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் பதற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மகப்பேறு வார்டிலும், பிறகு தாய்மார்களுக்கான ஆலோசனை அறையிலுமாகப் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். பிள்ளை பெற்ற பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள், கணவர்கள், கிராமங்களுக்குப் போகும் இளம் செவிலியர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர் யார் என்பது கேள்வியிலேயே தெரியும். நானே கேட்டுக்கொண்ட கேள்வியும் ஒன்று உண்டு.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து என் மகள் காரணமே இல்லாமல் அழுகிறாள். இது நோயா, அம்மா?

பெரும்பாலும் இல்லை. பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த அழுகை வருகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும். பால் கட்டும் நேரமும் அதுதான், தூக்கம் கெடும் நேரமும் அதுதான். பச்சை உடம்பு, உடலுக்குள் சுரப்புகள் சட்டென்று மாறுகின்றன. சிரித்துக்கொண்டே அழுவாள், யாராவது ஒரு வார்த்தை கேட்டால் முகம் சுருங்கிவிடும். பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகத் தணிந்துவிடும். மருந்து வேண்டாம். வயிறு நிறையச் சாப்பாடும், சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத் தூக்கமும், பக்கத்தில் ஓர் ஆளும் போதும்.

"அழாதே, பால் வற்றிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அழுகிறவளுக்கு அது இன்னொரு பயத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை, அல்லது அழுகை நின்று முகம் வெறிச்சென்று ஆகிவிட்டது என்றால் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரண்டாவது நிலைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும். அழாத பெண்ணை யாரும் கவனிப்பதில்லை.

மனச்சோர்வு என்றால் என்ன? என் மருமகள் சோகமாக இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லையே?

நம் பெண்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தலை பாரமாக இருக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது", "உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது", "பால் போதவில்லை" என்றுதான் வருகிறார்கள். "பால் போதவில்லை" என்று மூன்று முறை வந்த ஒரு தாய்க்கு நான் குழந்தையின் எடையைப் பார்த்தேன். சரியாக ஏறியிருந்தது. பால் போதவில்லை என்ற எண்ணம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. தான் எதற்கும் போதாதவள் என்பதை அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

நான் கவனிக்கச் சொல்வது இவற்றைத்தான். குழந்தை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கம் வருகிறதா? பிடித்த சாப்பாடு நாக்கில் ருசிக்கிறதா? குழந்தையைத் தூக்கும்போது கை மட்டும் வேலை செய்கிறதா, முகமும் கூட வருகிறதா? எல்லாவற்றுக்கும் "என் தப்புதான்" என்கிறாளா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு.

இது அரிதான ஒன்று என்று நினைக்காதீர்கள். பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேருக்கு, அதிலும் பெரும்பாலும் மனச்சோர்வாக, மனநலச் சிக்கல் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் நாடுகளில் அது 20ஐ ஒட்டி வருகிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான கணக்கு 22 என்றது. வேலூர் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்தே பெண்களைத் தொடர்ந்து பார்த்து, 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள் மட்டும் 100க்கு 11 பேர். ஊசி போடும் நாளில் வரிசையில் இருபது தாய்மார் உட்கார்ந்திருந்தால், அவர்களில் இரண்டு மூன்று பேராவது இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் அச்சாக இதே முகத்தோடு வரும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு சுரப்பி தடம் புரள்வது உண்டு. ஆகவே சோர்வு என்று வருகிற தாய்க்கு இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆனால் இரத்தம் குறைவு என்று தெரிந்ததுமே மனதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

என் மருமகள் ரொம்பப் பொறுப்பான பெண். இரவெல்லாம் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதில் என்ன தவறு?

அம்மா, நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. அழுகிற தாயை வீட்டில் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்கள். பதறுகிற தாயை எல்லோரும் மெச்சுகிறார்கள். அவளும் அந்த மெச்சுதலுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறாள்.

முதல் பிள்ளைக்குத் தாய் நாலு முறை எழுந்து பார்ப்பது இயல்பு. பார்த்த பிறகு மனம் அடங்க வேண்டும். நாற்பது முறை பார்த்தும் அடங்கவில்லை, குழந்தையை மாமியார் கையில்கூடக் கொடுக்க முடியவில்லை, குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அழுகுரல் கேட்பது போலிருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, கை சில்லிடுகிறது என்றால் அது பதற்ற நோய். மனச்சோர்வு இல்லாமல் தனியாகவும் வரும், அதோடு சேர்ந்தும் வரும்.

இன்னும் ஒன்றைப் பெண்கள் மிகவும் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். குழந்தையைக் கிணற்றோரம் தூக்கிப் போகும்போது கை நழுவிவிடுமோ, அரிவாள்மனையைப் பார்த்தால் ஏதாவது செய்துவிடுவேனோ என்று வேண்டாத காட்சிகள் மனதில் பாயும். அது வந்ததற்காகவே அந்தத் தாய் நடுங்கிப்போவாள்; கிணற்றுப் பக்கமே போகமாட்டாள், அரிவாள்மனையை ஒளித்து வைப்பாள். இந்த மாதிரி எண்ணங்கள் பதற்றத்தின் விளைவு. அவற்றை வெறுத்து அஞ்சுகிற தாய் குழந்தையைத் துன்புறுத்தும் வாய்ப்பு மிகவும் குறைவு. சொன்னால் ராட்சசி என்பார்களோ என்று மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். தயவுசெய்து சொல்லுங்கள். கேட்பவர் பயிற்சி பெற்றவராக இருந்தால் முகம் மாறமாட்டார்.

அந்த எண்ணம் சரியென்று தோன்றினால், அல்லது அப்படிச் செய்யச் சொல்லி ஒரு குரல் கட்டளையிட்டால், அது முற்றிலும் வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தாயின் மனநிலையை அறிய ஒரு கேள்வித்தாள் தருகிறார்களே, அதில் என்னதான் கேட்பார்கள்?

உலகெங்கும் அதிகம் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவர் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. பத்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும் கேட்கும். சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா, காரணமில்லாத கவலை, பயம், தூக்கம் கெடும் அளவு வருத்தம், அழுகை என்று போகும். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

உடல் அசதியைப் பற்றி அதில் கேள்வி இல்லை. பிள்ளை பெற்ற எவளுக்கும் அசதி இருக்கும்; அதைக் கேட்டு மதிப்பெண் போட்டால் எல்லோரும் நோயாளியாகிவிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் தாளை எனக்குப் பிடிக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் கேள்விகள் பதற்றத்தைத் தொடுகின்றன. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்து அந்த மூன்றில் மட்டும் ஏறியிருந்தால், பதற்றத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். அதற்கென்றே ஏழு கேள்விகள் கொண்ட வேறொரு தாள் இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வித் தாளைப் பயன்படுத்தும் மருத்துவமனைகளும் உண்டு.

பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கான வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள். தமிழில் மொழிபெயர்த்த தாளை வேலூரில் சோதித்து 2005இல் வெளியிட்டபோது, நம் பெண்களுக்கு 9 வந்தாலே விசாரிக்க வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. நம் வீடுகளில் பெண்கள் வருத்தத்தைக் குறைத்துச் சொல்லியே வளர்ந்தவர்கள்.

மதிப்பெண் அதிகமாக வந்தால் மனநோயாளி என்று எழுதிவிடுவார்களா?

இல்லை. இரத்த அழுத்தக் கருவியில் ஒருமுறை அதிகம் காட்டினால் மறுபடி பார்ப்பது போலத்தான் இதுவும். யாரை உட்கார வைத்து நிதானமாகப் பேச வேண்டும் என்று தாள் காட்டும். நோய் இருக்கிறதா என்பதை மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பத்தாவது கேள்விக்கு மட்டும் விதி வேறு. மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும், அந்த ஒன்றுக்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அன்றைக்கே பேச வேண்டும். தாயைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எப்போது கேட்பது? ஒருமுறை கேட்டால் போதாதா?

போதாது. ஏன் என்று சேலம் மாவட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். எடப்பாடி பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண், முதல் பிரசவத்துக்கு வாழப்பாடியில் இருக்கும் தாய் வீட்டுக்கு வருகிறாள். கர்ப்பத்தில் அவளைப் பார்த்த கிராம சுகாதார செவிலியர் எடப்பாடியில் இருக்கிறார். பிரசவம் சேலத்தில். முதல் ஊசிகள் வாழப்பாடியில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தவரை தாங்கிக்கொண்டிருந்தவள், அங்கே போன மூன்றாம் வாரம் சரிகிறாள். அதற்குள் எல்லோருடைய நோட்டிலும் அவள் பக்கம் மூடப்பட்டிருக்கும்.

ஆகவே கர்ப்பத்தில் ஒருமுறை, பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் ஒருமுறை, மூன்றரை மாதத்தில் ஒருமுறை, புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருமுறை என்பது என் கணக்கு. புதிதாக முகாம் எதுவும் நடத்த வேண்டியதில்லை. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தடுப்பூசி, ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. தாய் எப்படியும் வந்தே தீருகிறாள். குழந்தையின் எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் எழுதுகிறோம். ஊசியால் உடனடி ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் காத்திருக்கவும் சொல்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் பத்துக் கேள்விகள் கேட்டுவிடலாம். ஐந்து நிமிடம் போதும். தாய்க்கும் ஒரு கட்டம் அந்த அட்டையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் ஒவ்வொரு ஊசி நாளிலும் நினைத்திருக்கிறேன்.

கிராம செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாயின் பதிவு எண் ஊர் மாறினாலும் மாறாது. எங்கே போகிறாள் என்று கேட்டு, அந்த ஊர் செவிலியருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

மாமியாரோ அம்மாவோ கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கேட்கலாமா, அக்கா?

கேட்காதே, தங்கச்சி. நான் கேட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஒரு மருத்துவமனையில், வரிசையாகப் போட்ட கட்டில்களுக்கு நடுவே நின்று சத்தமாகத்தான் கேட்டேன். "மனசு நன்றாக இருக்கிறதா?" என்றேன். அந்தப் பெண் முதலில் மாமியார் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து "நன்றாக இருக்கிறேன்" என்றாள். நான் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஒன்றரை மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அன்று அவள் என்னிடம் சொன்னது ஒரே வரி: "அன்றைக்கே சொல்லியிருப்பேன் சிஸ்டர், அத்தை இருந்தார்கள்." அந்த டிக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மாமியாரை விரட்ட வேண்டாம். வேலை கொடு. "அம்மா, குழந்தையை நீங்கள் எடை மேடைக்குத் தூக்கிப் போங்கள், இவளுக்குத் தையலைப் பார்க்க வேண்டும்" என்று சொல். எந்த மாமியாரும் மறுக்கமாட்டார். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து கேள். நின்றுகொண்டு கேட்காதே.

வார்த்தையையும் பார்த்துக்கொள். "உனக்கு மனச்சோர்வு இருக்கிறதா?" என்றால் இல்லை என்பாள். "பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இந்தச் சமயத்தில் மனது கனத்துப் போகிறது. உனக்கு எப்படி இருக்கிறது?" என்று தொடங்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டு, நான்கு பதிலையும் வாசி, அவளே தேர்ந்தெடுக்கட்டும். பதில் வரத் தாமதமானால் நீ நிரப்பிவிடாதே. அந்த மௌனத்தில்தான் பலரும் அழத் தொடங்குகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதே. விதைக்காது. யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுகிறவர்களே அதிகம்.

கேட்டுவிட்டு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் மட்டும் கேட்கத் தொடங்காதே. மனநல மருத்துவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்.

இரண்டாவதும் பெண் பிறந்துவிட்டது. வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குத்தான் மனம் பலவீனமா?

உங்கள் மனம் பலவீனமானதில்லை. முன்னால் சொன்ன வேலூர் ஆய்வு மனச்சோர்வோடு சேர்ந்து வருபவை எவை என்று பார்த்தது. ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, வறுமை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. இவை எல்லாம் உங்களைச் சுற்றி இருப்பவை, உங்களுக்குள் இருக்கும் குறை எதுவும் அதில் இல்லை.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஊர் இது. அந்தக் காலத்தில் எல்லோரும் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். அந்தத் தாய்மாரின் மனதில் என்ன நடந்தது என்று யாரும் ஒரு தாளை நீட்டிக் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம். இரண்டாவதாகப் பெண் பெற்ற தாயை வார்டிலிருந்து அனுப்பும் முன் இன்னொருமுறை தனியாக உட்கார வைத்துப் பேசுவதை நான் வழக்கமாகவே வைத்திருந்தேன்.

குழந்தை தங்காமல் போன தாய்மாரை யார் கேட்பது?

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டது.

ஊசி நாளில் கேட்கலாம் என்று மேலே எழுதினேன். குழந்தை இறந்து பிறந்தால், பிறந்து சில நாளில் போய்விட்டால், அந்தத் தாய் ஊசிக்கு வரமாட்டாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கும். ஊட்டப் பிள்ளை இருக்காது. பத்தியச் சாப்பாடும் கிடைக்காது, ஏனென்றால் பிள்ளை இல்லாத வீட்டில் பேறுகாலமே இல்லை என்பது போல நடந்துகொள்கிறார்கள். "சின்ன வயசுதான், அடுத்தது பிறக்கும்" என்பார்கள். மனச்சோர்வுக்கு மிக அருகில் நிற்கும் இவர்கள் நம் வரிசையிலேயே இல்லை. தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும்: பத்தாம் நாள், ஆறாம் வாரம், மறுபடி மூன்றாம் மாதம். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். நான் பார்த்த தாய்மாருக்கு அது வலியைக் கூட்டவில்லை.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்மாரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள், தாய் வெளியே. அவர்களுக்கும் இதே கேள்விகள் வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கலாமா?

பலவற்றுக்குக் கொடுக்கலாம். செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அதனால் பாலூட்டும் தாய்மாருக்குப் பெரும்பாலும் அதையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. லேசான, நடுத்தரமான சோர்வுக்குத் தொடர்ந்து சில வாரங்கள் பேசிச் செய்யும் ஆலோசனையே பலன் தரும். மருந்து தொடங்கினால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரியும். முதல் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சரியான பிறகும் சுமார் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி மெதுவாகத்தான். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

முன்பு எப்போதாவது அளவு மீறிய உற்சாகம், தூக்கமே இல்லாத வேகம், வீண் செலவு என்று சில நாட்கள் இருந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் இருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு மருந்தே வேறு.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். போதாதா?

கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதிலோ, திருநீறு பூசுவதிலோ எனக்கு மாறுபாடு இல்லை. மனதுக்கு அது தெம்பு. அடி, புகை, பட்டினி என்று போனால் தடுத்து நிறுத்துங்கள். கயிறு கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில், 1000 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, மனநிலை ஒரேயடியாகப் பிறழும் நிலை வருகிறது. இரண்டு மூன்று இரவு தூங்கவே மாட்டாள், ஆனால் களைப்பும் தெரியாது. பேச்சு தொடர்பில்லாமல் ஓடும். இது என் குழந்தை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்பாள். யாரோ கொல்ல வருகிறார்கள் என்பாள். குரல் கேட்கும். காலையில் தெளிவாக இருந்து மாலையில் குழம்பிப் போவாள். இதற்குக் கேள்வித்தாள் வேண்டாம், அடுத்த நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகக் கூடிய நிலை இது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலும் இதே அவசரம்தான். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சேர்த்துவிட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமா?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும், அதுவும் தற்காலிகமாக. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009இல் தொடங்கப்பட்டது. இரகசியம் காக்கப்படுவதும் அதே சட்டம் கொடுத்த உரிமை.

ஏற்காட்டில் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். இதற்காகக் கீழே இறங்கி வர முடியுமா?

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, தையல் வலியோடு, கைக்குழந்தையோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. முடியாது என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. காப்பிப் பழம் எடுக்கும் கார்த்திகை, மார்கழியில் பிள்ளை பெற்றால் இன்னும் சிரமம். வீட்டில் எல்லோரும் தோட்டத்தில், இவள் மட்டும் பனியில், நாலு சுவருக்குள், பேச ஆளில்லாமல். மலைக் கிராமங்களில் கூட்டாக இருந்து பேறுகாலம் பார்க்கும் மூத்த பெண்கள் இருக்கிறார்கள். அந்த உதவி பெரிய பலம். லைனில் தனிக்குடித்தனம் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் வரும் நாள் எது என்று கேளுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து 14416க்குப் பேசலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல். கீழே வரவே வேண்டும் என்று சொன்னால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குழந்தையின் ஊசிக்கோ வேறு பரிசோதனைக்கோ எப்படியும் சேலம் வரும் நாளாகப் பார்த்து, இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

நான் கணவன். கொலுசுப் பட்டறையில் வேலை, ராத்திரி பத்து மணிக்குத்தான் வருகிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்க மட்டும் அவளிடம் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்க வைப்பது எல்லாம் உங்களுடையது. உடைபடாத தூக்கம் இந்த நோய்க்குப் பெரிய மருந்து. அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளில் விடுப்பு எடுங்கள். "எங்கம்மா அஞ்சு பெற்றாள், இப்படியா இருந்தாள்?" என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவை யாரும் கேட்கவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது. பத்துத் தந்தையரில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதாகக் கணக்கு இருக்கிறது. உங்களுக்கும் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, குடி கூடியிருந்தால், மேலே சொன்ன 14416 எண்ணுக்கு நீங்களும் பேசலாம்.

போன ஊசிக்குப் போனபோது கேட்டார்கள். "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மையில்லை. இப்போது என்ன செய்வது?

மாற்றிச் சொல்லலாம். யாரும் கோபப்படமாட்டார்கள். அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை அதே செவிலியருக்குப் போன் செய்து, "அன்றைக்குக் கேட்டீர்களே, மறுபடி கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இன்றிரவே தாங்கவில்லை என்றால் 14416.